கணக்கில் வராத காளை

மாடு ஏப்பம் விடுவதால் பூமி சூடாகிறது என்று நான் முதன்முதலில் சொன்னபோது, ஊர்த்தலைவர் சேவுகன் அம்பலம் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஆச்சி, கார்க்காரன், கரண்டுக்காரன், சிமெண்டுக்காரன் எல்லாரையும் விட்டுப்புட்டு, டெல்லிக்காரவுக என் வீட்டுப் பசுவையா பிடிச்சாக?"

ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடியிருந்த சிறுமருதூரே சேர்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் செட்டியார் வீட்டுப் பெண்களை வயது பார்க்காமல் ஆச்சி என்பார்கள். நான் கால்நடை மருத்துவர், பெயர் உமையாள். சிவகங்கைச் சீமையில் மாட்டைப் பற்றி வெளியாள் யாராவது பேசினால் முதலில் சிரித்துவிட்டுத்தான் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அம்பலம் சொன்னதில் ஒரு தப்பு. கார்க்காரனையும் கரண்டுக்காரனையும் அரசாங்கம் விட்டுவைக்கவில்லை. நிலக்கரி உலைகளை ஒவ்வொன்றாக அணைத்தாயிற்று. பெட்ரோல் பங்க் இருந்த இடங்களில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. உலகத்தின் முன்னால் நின்று இந்த நாடு கொடுத்த வாக்கில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிட்டோம். எனக்கு அதில் பெருமை உண்டு, கூச்சப்படாமல் சொல்வேன். மிச்சம் நின்றது மாடுதான். கோடிக்கணக்கான மாடுகளின் வயிற்றிலிருந்து ஏப்பமாக வரும் மீத்தேன், கரிப்புகையைவிட வேகமாகக் காற்றைச் சூடாக்கும்.

அதைக் குறைக்க வெப்பத் தணிப்புச் சட்டம் இரண்டு வழி வைத்திருந்தது. முதல் வழி எங்கள் மருந்து. அது பலிக்காவிட்டால் இரண்டாம் வழி: வீட்டுக்கு ஒரு மாடு, கூடுதலாக நிற்பதை அரசு ஓட்டிக்கொண்டு போகும். பால் கறக்காத, ஏர் இழுக்காத மாடுகள் முதலில். அதாவது மஞ்சுவிரட்டுக் காளைகள். கோயில் காளைக்கும் விலக்கு கிடையாது. இதை நான் வாசித்துக் காட்டியபோது மந்தையில் யாரும் சிரிக்கவில்லை.

"மருந்துன்னா என்ன மருந்து?" என்று கேட்டது ராக்கு. புருஷன் செத்த பிறகு மயிலை, சுட்டி என்று இரண்டு பசுக்களை வைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவள். இரண்டில் ஒன்று போனால் அவள் கதை என்ன ஆகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"மாட்டு வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் இருக்கு அக்கா. புல்லு செரிக்கும்போது வர்ற வாயுவை அது தின்னுட்டு, மீத்தேனா மாத்தி வெளியே தள்ளுது. நாங்க வேற ஒரு நுண்ணுயிரியை வளர்த்திருக்கோம். அது உள்ளே போனா, அந்த வாயுவை முந்திக்கிட்டு இது தின்னுடும். தின்னுட்டுப் புளிச்ச சத்தா மாத்தி மாட்டுக்கே குடுத்துடும். ஏப்பம் குறையும், பால் கொஞ்சம் கூடும்."

"ஏப்பத்தப் பாலாக்குறீக!"

"அப்படியும் சொல்லலாம்."

"அட, இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க ஏன் சிரிக்கப் போறோம்?" என்றாள் ராக்கு.

சோதனைக்கு இரண்டு ஊர்களை எடுத்தோம். கண்மாய்க்கு இந்தப் பக்கம் சிறுமருதூர், அந்தப் பக்கம் நெடுவயல். ஒரு ஊர் மாடுகளுக்கு மருந்து, இன்னொரு ஊர் மாடுகளுக்கு அதே நிறத்தில் உப்புத்தண்ணீர். எந்த ஊருக்கு எது என்பது டெல்லியைத் தவிர யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மருந்தைச் சோதிக்க அதுதான் முறை. வீடு வீடாகப் போய் மாடுகளைக் கணக்கெடுத்து, மூங்கில் குழாயில் புகட்டி, ஏப்பத்தை அளக்கும் பட்டையைக் கழுத்தில் கட்டினோம். மூன்று வருடம் மாட்டோடு மாடாகக் கிடந்தேன். என் அம்மா எனக்குப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைகள் எல்லாம் வேறு பெண்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏப்பம் குறைந்தது. பாதிக்கும் கீழே இறங்கியது. நான் எங்கள் பல்கலைக்கழக வராந்தாவில் குதித்ததை ஊழியர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அது இரண்டு ஊரிலும் ஒரே அளவு குறைந்திருந்தது.

டெல்லியிலிருந்து வர்கீஸ் வந்து இறங்கினார். கோட்டயத்துக்காரர், மதுரையில் படித்தவர், புள்ளிவிவரத்தில் புலி. தமிழ் நன்றாகப் பேசுவார். இரக்கம்தான் கொஞ்சம் பற்றாக்குறை.

"டாக்டர், சிறுமருதூர் மாடு குடிச்சது உப்புத்தண்ணி. அதுக்கும் குறைஞ்சிருக்குன்னா உங்க மருந்து ஒண்ணும் செய்யலைன்னு அர்த்தம். மூணு வருஷமா நல்ல மழை, நல்ல புல்லு. அதனால குறைஞ்சிருக்கும்."

"மழை பக்கத்து மாவட்டத்துலயும்தான் பெஞ்சுது. அங்க ஏன் குறையலை?"

"அதுக்கு நான் பதில் சொல்ல வேண்டாம். மருந்து வேலை செய்யுதுன்னு நீங்கதான் நிரூபிக்கணும்."

"ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்கு அது பரவியிருக்கலாம்ல?"

"எப்படிப் பரவும்? வயித்தை விட்டு வெளியே வந்தா அது நிமிஷத்துல செத்துடும். தண்ணியில விட்டுப் பார்த்துட்டோம்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பார்லிமெண்ட் குழு இந்த வாரமே கூடுது. இரண்டாம் வழிக்குப் போகச் சொல்லித்தான் எழுதணும். எனக்கும் சந்தோஷம் இல்லை."

மறுநாள் கழுத்துப் பட்டைகளைக் கழற்றப் போனோம். அவரும் கூட வந்தார். ராக்கு வீட்டு வாசலில் மயிலையும் சுட்டியும் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு நின்றன. எட்டும் தூரத்தில் கழனித் தொட்டி ததும்ப நின்றது. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் கலந்து புளித்த வாடை அடித்தது. ராக்கு மாடுகளை அவிழ்க்கவில்லை.

எனக்கு ஏற்கெனவே எரிச்சல். "தாகத்துல நிக்குதுகளே அக்கா. அவுத்து விடுங்களேன்!"

"பெரியவரு இன்னும் வரலை ஆச்சி. அவரு வாய் வைக்காம எப்படி?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் வந்தார். அய்யனார் கோயில் காளை. கன்னங்கரேலென்று, திமில் ஒரு பக்கம் சாய, அவசரமே இல்லாத நடை. மூக்கில் கயிறு கிடையாது, கழுத்தில் பட்டை கிடையாது. நேரே தொட்டிக்கு வந்து மூக்கு முழுக முக்கிக் குடித்தார். வாயில் அசைபோட்டுக்கொண்டிருந்த இரை தொட்டியில் விழுந்தது. எச்சில் நூல் நூலாக இறங்கியது. போதும் என்று ஒரு செருமல் செருமிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அதன் பிறகே ராக்கு கயிற்றை அவிழ்த்தாள். பசுக்கள் பாய்ந்து வந்து அதே தொட்டியில் வாய் வைத்தன. கோயில் காளை குடித்த மிச்சம் வீட்டு மாட்டுக்குப் பிரசாதம், எங்கள் பக்கம் முழுக்க வழக்கம் இதுதான்.

"இது யாரோட மாடு?" என்றார் வர்கீஸ்.

ராக்கு அக்கம் பக்கம் பார்த்தாள். "மாடா? யாரைச் சொல்லுறீக?"

"இப்ப வந்து குடிச்சுட்டுப் போச்சே, அதைத்தான்."

"அவரா? அவரு மாடு இல்லய்யா. பெரியவரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு ஊரிலும் ஒரு கன்றுக்குட்டி விடாமல் கணக்கெடுத்தோம். "உங்கள் வீட்டில் எத்தனை மாடு" என்று கேட்டோம். கோயில் காளை யார் வீட்டு மாடும் இல்லை. கேட்டவர்களும் உள்ளூர்ப் பிள்ளைகள், பதில் சொன்னவர்களும் உள்ளூர்க்காரர்கள். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே, கோயில் காளையைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வேனே தவிர மாடு என்று நினைக்க எனக்கு வராது. வெளியூர்க்காரன் ஒருவன் கணக்கெடுத்திருந்தால் முதல் நாளே எழுதியிருப்பான்.

"அக்கா, இவரு நெடுவயலுக்கும் போவாரா?"

"காலையில அங்க, உச்சிப் பொழுதுக்கு இங்க. கண்மாய்க்கரை அவரு தடந்தான."

மருந்து குடித்த நெடுவயல் மாடுகளின் எச்சிலை அவர் தொட்டிக்குத் தொட்டி சுமந்து வந்திருக்கிறார், வர்கீஸுக்கும் அது புரிந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினார். "தண்ணியில அது செத்துடும் டாக்டர்."

"எந்தத் தண்ணியில விட்டுப் பார்த்தீங்க?"

"சுத்தமான தண்ணி. காய்ச்சி வடிச்சது."

நான் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு அடியிலிருந்த வண்டலை அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பாவம், இரண்டடி பின்னால் போனார். "இது தண்ணியா சார்? நேத்து மிச்சம், முந்தாநாள் மிச்சம், அதுக்கும் முந்தின மிச்சம். அடியில காத்தே போகாது. மாட்டு வயிறு மாதிரியேதான் இருக்கு. இதுல சாகுமா, இல்லை சம்மணம் போட்டு உக்காருமா?"

அவர் யோசித்தார். பிறகு, "கதை நல்லா இருக்கு. சாட்சி வேணும்" என்றார். "தொட்டியில இருக்கறது எந்த மாட்டோடதுன்னு யாருக்குத் தெரியும்? இந்தப் பசு வயித்துல இருந்தாலும், உங்க ஆளுங்க உப்புத்தண்ணிக்குப் பதிலா மருந்துக் குப்பியை மாத்திக் குடுத்துட்டாங்கன்னு குழு சொல்லும். அந்தக் காளைக்கு மட்டும்தான் நீங்க எதுவுமே குடுக்கலை. அதோட வாயில உங்க நுண்ணுயிரி உயிரோட இருந்தா நான் நம்புறேன். நாளைக்குள்ள."

அன்று சாயங்காலம் மந்தையில் ஊர் கூடியது. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே ராக்கு எழுந்தாள். அவள் முகம் நான் அதுவரை பார்த்த முகமாக இல்லை.

"ஆச்சி, அந்த ஐயா வாசல்ல நின்னு உப்புத்தண்ணின்னு ஒண்ணு சொன்னாக. எங்க மாட்டுக்கு மூணு வருசமா உப்புத்தண்ணியா குடுத்தீக?"

"அது சோதனை முறை அக்கா. ரெண்டுல ஒரு ஊருக்கு அப்படிக் குடுத்தாத்தான்…"

"அந்த ஊரு எங்க ஊராத்தான் இருக்கணுமா? பிள்ளையப் பிடிக்கிற மாதிரி மாட்டப் பிடிச்சுக் குடுத்தமே. மருந்துன்னு நம்பித்தான குடுத்தம்?"

எந்த ஊருக்கு எது என்று எனக்கும் தெரியாது என்றால் அது பதிலாகாது. ஒரு ஊருக்கு உப்புத்தண்ணீர் என்பது எனக்குத் தெரியும்தானே. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ராக்கு ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுக்கங்கப்பா. இவுக நமக்கு உப்புத்தண்ணி குடுத்தாக. மருந்து குடுத்தது நம்ம பெரியவரு."

மந்தையில் ஒரு சலசலப்பு ஓடியது. நிமிர்ந்து பார்த்தேன். கூட்டத்தில் ஒரு முதுகு கூடக் கூனியிருக்கவில்லை. அம்பலம் மீசையை இரண்டு பக்கமும் நீவிக்கொண்டு எழுந்தார்.

"ஆச்சி, மஞ்சுவிரட்டுல தொழுவத்தத் தொறந்தா மொதல்ல வாரது பெரியவரு. இம்புட்டுக் காலத்துல ஒருத்தன் கை அவரு மேல பட்டதில்ல. கயிறு போட விடமாட்டோம். டெல்லியே வந்து நின்னாலும் விடமாட்டோம்." துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆனா எங்க மாடும் எங்களுக்கு வேணும். அவரா வாயக் காட்டுனா எடுத்துக்கங்க. அது அவருக்கும் உங்களுக்கும் உள்ளது."

காளையாவது, டாக்டருக்கு வாயைக் காட்டுவதாவது! ஸ்பிரிட் வாடை அடித்தாலே மாடுகள் எங்களைக் கண்டு மிரளும். மறுநாள் ராக்கு என்னைக் கிணற்றடியில் உட்காரவைத்து, சீயக்காய் போட்டுக் குளிக்கவைத்து, தன் பழைய சேலையைக் கட்டிவிட்டாள். கையிலும் கழுத்திலும் கழனித்தண்ணீரைப் பூசினாள். கோபம் தீரவில்லை, தேய்த்த தேய்ப்பிலேயே தெரிந்தது.

"இது உங்களுக்காகச் செய்யலை ஆச்சி. நாளைக்குப் பெரியவர ஓட்டிக்கிட்டுப் போக ஒரு லாரி வந்துறக் கூடாதுன்னு செய்யுறேன்."

"தெரியும் அக்கா."

உச்சிப் பொழுதில் பெரியவர் வந்தார். ஊர் முழுக்கக் கூரை மேலும் சுவர் மேலும் நின்றது. வர்கீஸ் ஜீப்புக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் தொட்டியருகே குந்தியிருந்தேன். ஒரு கையில் பிண்ணாக்கு உருண்டை, இன்னொரு கையில் பஞ்சு சுற்றிய குச்சி. கொம்பு இரண்டும் என் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன. பயம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. படிப்பு, பட்டம், நாட்டின் வாக்குறுதி எல்லாம் மறந்து, "அய்யனாரே, அய்யனாரே" என்று முணுமுணுத்தேன்.

பெரியவர் முகர்ந்தார். ராக்குவின் சேலை அவருக்குப் பழக்கம். அரம் போன்ற நாக்கு என் கையைச் சுற்றிப் பிண்ணாக்கை வாங்கியது. அந்த நொடியில் குச்சியைக் கன்னத்துக்குள் விட்டு ஒரு சுழற்று சுழற்றினேன். அவர் தலையை ஒரே ஒரு முறை உதறினார். நான் பறந்துபோய்த் தொட்டிக்குள் விழுந்தேன். ஊரே 'ஐயோ' என்றது. கழனிக்குள் மல்லாந்து கிடந்தபடியே கையை மேலே தூக்கிக் காட்டினேன். குச்சி பத்திரமாக இருந்தது.

ஜீப்பில் இருந்த சின்னச் சோதனைக் கருவிக்குள் அதை வைத்தோம். எங்கள் நுண்ணுயிரியில் நாங்களே பதித்த ஓர் அடையாளம் உண்டு, உலகத்தில் வேறு எதிலும் அது கிடையாது. கருவி யோசித்துக்கொண்டே இருந்தது. மயிலையும் சுட்டியும் தொட்டியில் மிச்சத்தைக் குடித்தன. அம்பலம் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

வர்கீஸ் கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கு," என்றார். பிறகு அவருக்கே நம்ப முடியாமல், "உயிரோட இருக்கு. ஏகப்பட்டது இருக்கு" என்றார்.

ராக்குதான் முதலில் குலவை போட்டாள். அப்புறம் யார் யார் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. கழனி சொட்டச் சொட்ட நின்றுகொண்டு நான் வாய்விட்டு அழுதேன். ராக்கு வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அது அவள் முந்தானைதான், நான் கட்டியிருந்தது.

வர்கீஸ் செல்போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். செயற்கைக்கோள் எடுத்த மீத்தேன் படம். ஆறு மாசமா இந்தப் பக்கம் ஒரு வெளுப்பு தெரியுது, மீத்தேன் குறைஞ்சா அப்படித்தான் தெரியும். மருந்தே குடுக்காத ஊர்ல எப்படிக் குறையும்? லென்ஸ் கோளாறுன்னு ஒதுக்கி வச்சுட்டோம்."

அம்பலம் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் விரலை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட ஆரம்பித்தார். "இது நம்ம கண்மாய். இது நெடுவயல். இது தேனாத்தங்குடி, இங்க தைப்பூசத்துக்கு மஞ்சுவிரட்டு, வெத்தல பாக்கு வச்சு அழைப்பாக, பெரியவரு போயி வீட்டுக்கு வீடு கழனி குடிப்பாரு. அவுக கோயில் காளை இங்க வரும். இது கொன்றைப்பட்டி, அங்கயும் போவாரு. இங்குட்டு எல்லாம் அந்தக் காளைக போற ஊருக." அவர் விரல் வெளுப்பின் விளிம்பு வரை போய் நின்றது. "ஐயா, இது கோளாறு இல்ல. இது எங்க காளைக நடந்த தடம்."

வர்கீஸ் ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டார். "குளிர்பெட்டி, லாரி, ஊசிக்காரங்கன்னு இருபது வருஷத் திட்டம் போட்டு வச்சிருக்கோம் டாக்டர். இவங்க அழைப்பு குடுத்து விருந்து வச்சே முடிச்சுடுவாங்க போலிருக்கே."

"அறிக்கையில எழுதுங்க சார்," என்றேன். "நாடு குடுத்த வாக்கை எங்க சீமைக் காளைங்க காப்பாத்துதுன்னு எழுதுங்க."

"எழுதுறேன். பரவுறதைப் பத்தி ஆயிரம் கேள்வி கேப்பாங்க, அதுக்கும் பதில் தேடணும். ஆனா இரண்டாம் வழி இனி வேண்டாம்." மீண்டும் படத்தைப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் புரியலை. நடுவுல இந்த ஒரு புள்ளி ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு? சுத்தி எல்லாம் வெளுத்திருக்கு. குவாரியா?"

எல்லாரும் அம்பலத்தைப் பார்த்தார்கள். எனக்குப் படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது வடவயல், கண்மாய்க்கரையில் அடுத்த ஊர். அய்யனார் கோயில் முதல் மரியாதை யாருக்கு என்று அம்பலத்தின் தாத்தா காலத்தில் வெட்டுக்குத்து வரை போன சண்டை. அன்றிலிருந்து கொள்வினை கொடுப்பினை இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை. பெரியவர் அந்தப் பக்கம் போனால் எல்லையிலேயே தகரத் தட்டை அடித்து விரட்டுவார்கள். அவர்கள் காளை இந்தப் பக்கம் வந்தால் இவர்களும் அப்படியே. பெரியவருக்கும் எல்லை பழகிவிட்டது.

"இது வானத்துலேர்ந்து எடுத்த படமா?" என்று அம்பலம் மெதுவாகக் கேட்டார்.

"ஆமா."

"டெல்லியில பாத்தாகளா?"

"இனிமே எல்லா நாட்டுலயும் பார்ப்பாங்க. வகுப்புல காட்டிப் பாடம் நடத்துவாங்க."

அம்பலம் அந்தக் கறுப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று மந்தையில் மீசையை நீவிய கை இப்போது சும்மா தொங்கியது. அங்கேயும் ராக்கு மாதிரி பெண்கள் இருப்பார்கள், மயிலை மாதிரி பசுக்கள் நிற்கும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

"ராக்கு, உன் வீட்டுத் தாம்பாளத்த எடு. வெத்தல பாக்கு இருக்கா?"

"எதுக்குண்ணே?"

"தை மஞ்சுவிரட்டுக்கு அழைக்கணும்ல."

"யார?"

அவர் கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அம்பலம் துண்டை இடுப்பில் கட்டி நான் பார்த்ததில்லை, அந்த ஊரிலும் யாரும் பார்த்ததில்லை. ராக்கு ஓடிப்போய்த் தாம்பாளத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

கண்மாய்க்கரையில் பெரியவர் முன்னால் நடந்தார். அம்பலம் தாம்பாளத்தோடு பின்னால் போனார். நாங்கள் எல்லோரும் தொலைவில் பார்த்துக்கொண்டு நின்றோம். வடவயல் எல்லைக் கல் வந்ததும் பெரியவர் வழக்கம்போல நின்றுவிட்டார்.

அம்பலம் நிற்கவில்லை.